சோபாவின் இடது மூலை

யாரும் தொடாத கேம் கன்ட்ரோலர் சூடாக இருந்தது.

கொதிக்கிற சூடு இல்லை. பேருந்தில் ஒருவர் எழுந்துபோன இருக்கையில் உடனே உட்கார்ந்தால் உடம்புக்குத் தெரியுமே, அந்தச் சூடு. அதன் விளக்கு கண்ணில் அடிக்காதபடி சோபாவின் இடது மூலையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அவன் காபி போடப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அது மல்லாந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தான். இரண்டு கைப்பிடிகளிலும் லேசான ஈரம் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனபோது நனைந்த கல்லின் வாடை அடித்தது.

"காசு வாங்க மட்டும் தெரியுது. ஒரு பேட்டரியை ஒழுங்கா பண்ணத் தெரியல," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சட்டையில் துடைத்து, மறுபடி கவிழ்த்து வைத்தான்.

டிவியில் இணைத்து ஆடும் கன்சோல் கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது அவன் பிழைப்பு. வாசகர்கள் அவனுக்கு எலுமிச்சை என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கொடுத்தாலும் புளித்துத்தான் திரும்பி வரும் என்பதால் வந்த பெயர். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு. பத்துக்குப் பத்து மதிப்பெண் எந்த கேமும் அவன் கையால் வாங்கியதில்லை. முழு மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டால் அப்புறம் விமர்சகன் எதற்கு என்பது அவன் கட்சி.

ஆனால் சமீபத்தில் அந்தப் பெருமைக்குப் பெரிய அடி விழுந்திருந்தது. ஒரு கேமை முழுக்க ஆடாமல், கடைசிக் கட்டம் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்துத் திட்டி எழுதிவிட்டான். அவன் திட்டிய கட்டம் அந்த கேமில் இல்லவே இல்லை. வாசகர்கள் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். பத்திரிகையின் பொறுப்பாசிரியர் அம்மா கூப்பிட்டுப் பேசினார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஆடினதை மட்டும் எழுதுப்பா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால உன்னை வச்சுக்க முடியாது," என்றார்.

அடுத்து அவன் கைக்கு வந்தது 'கயிறு'. இன்னும் கடைக்கு வராத கேம், விமர்சகர்களுக்கு மட்டும் முன்கூட்டி அனுப்பப்பட்ட பிரதி. கைவிடப்பட்ட ஓர் உப்புச் சுரங்கத்துக்குள் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் இறங்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே விளக்கு. ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேர் ஆட வேண்டிய கேம் அது. அப்படிப்பட்டதை இரண்டு பேர் ஆடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று பத்திரிகையில் விதி இருந்தது.

இரண்டாவது ஆளுக்கு அவன் எங்கே போவான்? கூட ஆட வந்த நண்பர்களை எல்லாம் விமர்சித்தே விரட்டியிருந்தான். மனைவி பிசியோதெரபி மையத்தில் வேலை பார்த்தாள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். அதனால் அவன் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தான். இரண்டாவது கன்ட்ரோலரையும் இணைத்து இடது மூலையில் வைத்தான். வலது மூலை அவனுடைய வழக்கமான இடம். தன் உருவத்தைக் கொஞ்ச தூரம் நடத்திவிட்டு, பிறகு கை நீட்டி அதை எடுத்து மற்றதை நடத்தலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அதற்குத் தேவையே வரவில்லை. முதல் நாள் அவன் பத்தடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, திரையில் இரண்டாவது உருவம் தானாகவே பின்னால் வந்துகொண்டிருந்தது.

"பரவாயில்லையே," என்றான். துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்காக இயந்திரத் துணை வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டான். கம்பெனி அனுப்பிய குறிப்பில் அப்படி ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்க்கவில்லை. குறிப்புகளைப் படிப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

ஆனால் அந்தத் துணை ஆமை வேகத்தில் வந்தது. அவன் விளக்கை எடுத்துக்கொண்டு முன்னே போவான். அது இருட்டிலேயே நின்றுகொண்டிருக்கும். கயிறு விறைத்து அவனை நிறுத்தும். திரும்பி வந்து, அதற்கு வெளிச்சம் காட்டி, மறுபடி போக வேண்டும். அன்றைக்கு முழுக்கப் பாதிச் சுரங்கம்கூடத் தாண்ட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தான்.

எழுதியதை வாய்விட்டு வாசிப்பது அவன் பழக்கம். தன் காதுக்கு உறைத்தால்தான் படிக்கிறவனுக்கு உறைக்கும் என்பான். மதிய வெயில் திரையில் விழாமலிருக்க வீட்டில் கறுப்புத் திரைச்சீலை போட்டிருந்தது. சன்னலின் அடியில் ஒரு கோடு வெளிச்சம். கீழே பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம். மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம். அந்த அரையிருட்டில் நடு அறையில் நின்றுகொண்டு அவன் கணீரென்று வாசித்தான்:

"இந்தத் துணைக்கு நடக்கத் தெரியவில்லை. இது துணை இல்லை, காலில் கட்டிய கல்."

மறுநாள் அது ஓடியது.

அவன் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் பக்கத்தில் வந்து நின்றது. அவனுக்கு முதலில் வியப்பாகவும் உடனே எரிச்சலாகவும் இருந்தது. வெளியீட்டுக்கு முந்தைய பிரதிகளில் இப்படித்தான். கம்பெனிக்காரர்கள் கடைசி நாள்வரை இணையம் வழியாகச் சத்தமில்லாமல் எதையாவது திருத்திக்கொண்டே இருப்பார்கள். இது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை. ராத்திரி அப்டேட் வந்திருக்கிறது, நேற்று எழுதிய நல்ல வரி வீணாய்ப் போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டான். வேறு குறையைத் தேட வேண்டும்.

கிடைக்காமலா போகும்? இந்த கேமில் இருட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிட ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினால் கன்ட்ரோலரில் உள்ள சின்ன ஸ்பீக்கரிலிருந்து ஒரு சீழ்க்கை கேட்கும். அவன் பத்து தடவை கூப்பிட்டாலும் துணை ஒரு தடவைகூடப் பதில் கொடுக்கவில்லை.

"ஊமைத் துணை," என்று அன்று வாசித்தான். "நான் இருக்கிறேன் என்று ஒரு சத்தம் கொடுக்கக்கூட வக்கில்லை."

சாயங்காலம் அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கன்சோல் அணைந்திருந்தது, டிவியும் அணைந்திருந்தது. வெளியே லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டு அடங்கியது. அப்புறம் கூடத்திலிருந்து மெல்லிசாக, இழுத்து, ஒரு சீழ்க்கை வந்தது.

அவன் தம்ளரை வைத்தான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் வந்தது, இந்த முறை கொஞ்சம் கெஞ்சலாக.

கூடத்துக்குப் போய் விளக்கைப் போட்டான். இடது மூலையில் கன்ட்ரோலர் மல்லாந்து கிடந்தது. கையில் எடுத்தான், சூடாக இருந்தது. "சனியனே," என்று அதைக் கொண்டுபோய்ப் படுக்கையறை அலமாரியில், மடித்து வைத்த போர்வைகளுக்கு அடியில் திணித்தான். காலையில் பார்த்தால் பழையபடி சோபாவின் இடது மூலையில் இருந்தது. மனைவி வீட்டை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று எல்லாவற்றையும் இடம் மாற்றுகிறவள். எரிச்சலோடு அவளிடம் கேட்கப் போனவன், அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சரி போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அன்று துணை நன்றாகவே பதில் கொடுத்தது. அவன் ஒரு தடவை கூப்பிட்டால் அது ஒரு தடவை. சில சமயம் அவன் கூப்பிடாமலே.

ஆனால் சுரங்கத்தின் ஆழமான பள்ளத்துக்கு வந்ததும் வேறு வினை வந்தது. அங்கே ஒருவர் கையை மற்றவர் பிடித்துத் தாண்ட வேண்டும். அவன் தாவுவான், அது கையைப் பிடிக்கும், பாதியில் விட்டுவிடும். அவன் விழுவான். மேலேயிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். மறுபடி வருவான், தாவுவான், விழுவான். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. கட்டைவிரல் வலித்தது. கடைசியில் அவன் சோபாவின் காலி மூலையைப் பார்த்தே கத்தினான்.

"பிடிச்சா விடாதேடா! பிடிச்சா பிடிச்சபடி இரு! இதுகூடத் தெரியாதா உனக்கு?"

கத்தி முடித்ததும் வீடு மிகவும் அமைதியாக இருந்தது. பந்தடிக்கிற சத்தம்கூட நின்றிருந்தது. அவனுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று அதையே கொஞ்சம் நாகரிகமாக எழுதி, வாய்விட்டு வாசித்தும் வைத்தான்: "பிடியில் உறுதி இல்லை."

மறுநாள் அது பிடித்தது. பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போன பிறகும் பிடித்திருந்தது. அவன் எந்த பட்டனை அழுத்தினாலும் திரையில் அவனுடைய உருவம் அசையவில்லை. துணை அதன் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றது. அவன் கையிலிருந்த கன்ட்ரோலர் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து, அதுவாக மனமிரங்கியதைப் போல விட்டது. கன்ட்ரோலரைக் கீழே வைத்த பிறகும் உள்ளங்கைகளில் அந்த அதிர்வு இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவினான். கையில் நனைந்த கல்லின் வாடை போகவில்லை. குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆகிறதோ என்று வாட்ச்மேனைத் திட்டிக்கொண்டான்.

அன்றிரவு தூக்கமும் சரியாக வரவில்லை. காலையில் கண் எரிச்சலோடு காபியைக் கலக்கிக்கொண்டிருந்தவன் எதிரே மனைவி வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து சாப்பிடறப்போ நான் என்ன சொன்னேன்? சொல்லுங்க பார்ப்போம்."

"எதைப் பத்தி?"

"அதான் கேக்கறேன்."

அவன் யோசித்தான். பள்ளமும் கயிறும்தான் நினைவுக்கு வந்தன.

"என் தோள் வலியைப் பத்திச் சொன்னேன்," என்றாள். "நாள் பூரா அடுத்தவங்க கையையும் தோளையும் பிடிச்சு விடறேன். வீட்டுக்கு வந்தா சாய்ஞ்சுக்க ஒரு தோள் கிடையாது. நீங்க இல்லன்னு சொல்லல. இருக்கீங்க. ஆள் இருக்கு. ஆனா பக்கத்துல ஆள் இருக்கற மாதிரியே இல்ல."

வேறு ஒருவனாக இருந்தால் மனசு சுருக்கென்றிருக்கும். இவனுக்கு உள்ளே இருந்த விமர்சகன்தான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடடா, என்ன வரி! இத்தனை நாள் அந்தத் துணையைப் பற்றி எழுதத் தேடிக்கொண்டிருந்தது இதுதானே?

"சாயங்காலம் பேசலாம்," என்றான்.

"இன்னிக்கு எனக்கு அரை நாள்தான். மத்தியானமே வந்துடுவேன்," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

அவள் போன கையோடு எழுதி முடித்தான். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, நடு அறையில் நின்று, கடைசிப் பத்தியை ரசித்து ரசித்து வாசித்தான்.

"இயந்திரத் துணை ஓடுகிறது, கூப்பிடுகிறது, கையையும் பிடிக்கிறது. எல்லாம் சரி. ஆள் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரியே இல்லை. பத்துக்கு நான்கு."

சோபாவின் இடது மூலை கிறீச்சிட்டது.

பழைய ஸ்பிரிங் அது. யாராவது உட்கார்ந்தால் மட்டும் கத்தும். அவன் திரும்பிப் பார்த்தான். அங்கே மெத்தை நடுவில் குழிந்திருந்தது. பஞ்சு செத்துவிட்டது, சோபாவை மாற்ற வேண்டும் என்று மனைவி சொன்னது ஞாபகம் வந்தது. கையால் தட்டிவிட்டால் குழி எழும்பிவிடும். அவன் தட்டப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. மேசைக்குப் போய் விமர்சனத்தைப் பொறுப்பாசிரியருக்கு அனுப்பிவிட்டு, மனைவி வருகிறவரை பால்கனியிலேயே நின்றுகொண்டிருந்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. அதுவே நல்லது என்று பட்டது.

மனைவி வந்ததும் அவன் கொஞ்சம் குழைந்தான். "ஒரு உதவி பண்ணேன். அரை மணி நேரம் என்கூட இந்த கேம் ஆடு. ரெண்டு பேர் ஆடணும்னு விதி. நாளைக்கு யாராவது கேட்டா ஆடினோம்னு சொல்லணும்."

"சாயங்காலம் பேசலாம்னது இதைத்தானா?" என்றாள். ஆனால் வந்தாள். கால் கழுவிக்கொண்டு, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். இடது மூலையில் கிடந்த கன்ட்ரோலரை எடுத்தாள்.

"இது என்ன, இவ்ளோ சூடா இருக்கு?"

"பேட்டரி," என்றான் அவன்.

அவளுக்கு ஆடத் தெரியவில்லை. எந்த பட்டன் எதற்கு என்றே தெரியவில்லை. அவள் உருவம் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. "அதில்ல, இடது பக்கம். இடது! கூப்பிடற பட்டனை ஏன் அழுத்தற? விளக்கு என்கிட்ட இருக்கு, நீ எங்க போற?" அவன் குரல் ஏறிக்கொண்டே போனது. வழக்கமாக இந்தக் கட்டத்தில் கூட ஆடுகிறவர்கள் கன்ட்ரோலரை வீசிவிட்டு எழுந்து போவார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. களைத்துப்போய்ப் பின்னால் சாய்ந்துகொண்டாள். "கத்தாதீங்க. சொல்லிக் குடுங்க," என்றாள் மெதுவாக.

அப்போது அவன் போன் அதிர்ந்தது. பொறுப்பாசிரியர். தன் கன்ட்ரோலரை வலது மூலையில் போட்டுவிட்டு, சோபாவுக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டு மேசைப் பக்கம் போய் நின்றான். அங்கிருந்து மனைவியின் பின்னந்தலையும், அதற்கு அப்பால் திரையின் நீல வெளிச்சமும் தெரிந்தன.

"இதை நீ யாரோட ஆடின?" என்றார் பொறுப்பாசிரியர்.

"ஏன் மேடம்?"

"போன தடவை பட்டது போதும்னு, நீ எழுதினதை அந்தக் கம்பெனிக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னேன். இயந்திரத் துணை, இயந்திரத் துணைன்னு எழுதியிருக்க. அந்த கேம்ல அப்படி ஒண்ணே கிடையாதாம். ரெண்டாவது கன்ட்ரோலரை ஒரு ஆள் பிடிச்சு ஆடலன்னா அந்த உருவம் நின்ன இடத்துலயே நிக்குமாம். ஒரு அடி நகராதாம்."

"இல்ல மேடம், அவங்க அப்டேட்... தினமும் திருத்திட்டே வந்தாங்க. மெதுவா வருதுன்னு எழுதினேன், மறுநாளே ஓடிச்சு. சத்தம் குடுக்கலன்னு எழுதினேன்..."

"ஒரு அப்டேட்டும் அனுப்பலையாம். யோசிச்சுப் பேசுப்பா. நீ எழுதினதை எனக்கே இன்னிக்குத்தான் அனுப்பின. அதுக்கு முன்னாடி நீ என்ன எழுதினன்னு யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாது. அவன் யாரிடமும் காட்டவில்லை. எழுதினான். பிறகு வாசித்தான், அவ்வளவுதான். வாய்விட்டு. இந்த அறையில் நின்றுகொண்டு, இந்தச் சோபாவைப் பார்த்துக்கொண்டு.

அவன் வாசித்த ஒவ்வொன்றும் மறுநாள் திருந்தியிருந்தது.

கடைசியாக எதை வாசித்தான்?

காலையில் கிறீச்சிட்ட ஸ்பிரிங். குழிந்த மெத்தை. அதை ஒட்டி, நடுவில், இப்போது அவள்.

"கேக்குதா? லைன்ல இருக்கியா?" என்றது போன்.

ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"ஏன் இந்தப் பக்கம் வந்து உக்காந்துட்டீங்க?" என்று மனைவி கேட்டாள்.

அவனை அல்ல. தன் இடது பக்கத்தைப் பார்த்து.

அவன் மேசையோரமாக நகர்ந்து, சோபாவின் முதுகுக்கு மேலே எட்டிப் பார்த்தான். நீல வெளிச்சத்தில் அவளுடைய கைகள் தெரிந்தன. கன்ட்ரோலரை அவள் தளர்வாகத்தான் பிடித்திருந்தாள். விரல்களின் மேல் தோல் மட்டும் வரிவரியாக அமுங்கி, வெளிறி இருந்தது. அவள் அழுத்தாத பட்டன்கள் அமுங்கி எழுந்தன. திரையில் அவளுடைய உருவம் சுவரை விட்டு விலகி, தடுமாறாமல், அழகாக நடந்தது.

"இப்படிப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தா புரியுதுல்ல?" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. "கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு உங்களுக்கு?"

வலது மூலையில் அவன் போட்டுவிட்டு வந்த கன்ட்ரோலர் தொடுவாரில்லாமல் கிடந்தது. ஆனால் திரையில் அவனுடைய உருவம் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி முன்னே போய்க்கொண்டிருந்தது. கயிறு தளரவும் இல்லை, விறைக்கவும் இல்லை. பள்ளம் வந்தது. இரண்டு உருவங்களும் கை பிடித்தன. தாண்டின. விடவில்லை.

நனைந்த கல்லின் வாடை. இப்போது அறை முழுக்க.

அவள் மெல்ல இடப்புறம் சாய்ந்தாள். அந்தப் பக்கம் அவள் தோளைத் தாங்க எதுவும் இல்லை. விழுந்துவிடுவாள் என்று அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். அவள் விழவில்லை. தலை ஒரு பக்கமாகச் சரிந்து, வெறும் காற்றில் தங்கியது. கன்னம் அமுங்கியது. முடி ஒரு பக்கம் நசுங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்பதாங்க," என்றாள், "பக்கத்துல ஆள் இருக்கற மாதிரி இருக்கு."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுக்க வேண்டும். ஆனால் பிடித்தால் விடாதே என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அது கேட்கும். இத்தனை நாளும் அவன் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. குறை சொன்னதால்தானே இவ்வளவும்? குறையே இல்லை என்றால்?

"நல்லா இருக்கு," என்றான். "போதும். எல்லாம் சரியா இருக்கு. இனிமே திருத்த ஒண்ணுமே இல்ல." வாழ்க்கையில் முதல் தடவையாக அதையும் சொன்னான். "பத்துக்குப் பத்து."

சீழ்க்கை ஒன்று கேட்டது. மெல்லிசாக, திருப்தியாக. அப்புறம் நின்றது.

அவள் கண்ணைத் திறந்தாள். உடம்பு விறைத்தது. கன்ட்ரோலர் மடியில் விழுந்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து, பார்வையைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, காற்றில் இருந்த தோளோடு ஒண்டிக்கொண்டாள்.

"ஏங்க," என்று கிசுகிசுத்தாள். "பின்னாடி யாரோ நின்னு பேசற மாதிரி இருக்கு."

"நான்தான்!" என்று அவன் கத்தினான். "நான்தான்மா, இங்க பாரு!"

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் நடுங்கினாள். இரண்டு கைகளாலும் தன் பக்கத்தில் இருந்ததை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் ஒரு மனிதனின் முழங்கை அளவுக்கு வளைந்து, அதற்கு மேல் மூட முடியாமல் நின்றன. இடது மூலை ஸ்பிரிங் மெதுவாகக் கிறீச்சிட்டது. குழிந்திருந்த மெத்தை, யாரோ எழுந்துகொண்டு அவன் பக்கம் திரும்புவதைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியது.